செய்தி எழுதவும் ஒரு படிப்பு



டீக்கடையில் தினமும் பேப்பர் கிடக்கிறது. எழுதப் படிக்கக் கற்ற பிறகு நீங்களும் அதை எடுத்துத் தலைப்பை வாசிக்கிறீர்கள். நல்லது. அந்தச் செய்தியை எழுதியவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரிந்தது?

செய்தியைத் தேடிப் போய், விசாரித்து எழுதுகிறவருக்கு நிருபர் என்று பெயர். நிருபர் வேலைக்கென்று பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பு இருக்கிறது. அதன் பெயர் இதழியல். இதழ் என்றால் பத்திரிகை. இன்றைய பேச்சு அந்தப் படிப்பைப் பற்றியது.

"பேப்பரில் எழுதுவதற்கு எதற்குப் படிப்பு? நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் கஷ்டம். பாலக்காடு மாவட்டத்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

சித்தூர் தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்து. அங்கே பிளாச்சிமடை என்ற ஊர். ஆதிவாசிகளும் விவசாயக் கூலிகளும் வாழும் ஊர். 2000-ஆம் ஆண்டு கோக்கோ கோலா கம்பெனி அங்கே ஆலை தொடங்கியது. ஆழ்குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தது. கொஞ்ச காலத்தில் ஊர்க் கிணறுகள் கெட்டுவிட்டன, தண்ணீர் குடிக்க ஆகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலைக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. முன்னே நின்றவர்களில் ஒருவர் மயிலம்மா. இரவாளர் என்ற ஆதிவாசிக் குலத்தைச் சேர்ந்தவர். 2007-இல் காலமானார்.

மக்கள் ஒன்று சொன்னார்கள். கம்பெனி அதை மறுத்தது. எது உண்மை? இங்கேதான் நிருபருக்கு வேலை. ஆலைக் கழிவை எரு என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2003-இல் பி.பி.சி. வானொலி அந்தக் கழிவை எடுத்துப் போய், இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கக் கொடுத்தது. அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. இரண்டும் உடம்புக்குக் கேடு. செய்தி பல நாடுகளுக்குப் போனது. பிறகு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதனை செய்தது. 2004 மார்ச் மாதம் ஆலை நின்றது.

ஆலையை நிறுத்தியது வானொலி என்று யாரும் நினைக்க வேண்டாம். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தது மக்கள். லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது பஞ்சாயத்து. ஆனால் அந்தக் கழிவு ஒரு பையில் ஏறிச் சோதனைக்குப் போகாவிட்டால், பெண்கள் சொன்னது வெறும் புகாராகவே கிடந்திருக்கும்.

இப்படிச் சோதித்து எழுதுவதைத்தான் இதழியல் வகுப்பில் பழக்குகிறார்கள். முதலில் ஆறு கேள்வி. யார்? என்ன? எப்போது? எங்கே? ஏன்? எப்படி? ஆறுக்கும் பதில் கிடைக்க வேண்டும்.

ஒரு ஜீப் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குக் காயம் என்கிறார் கடைக்காரர். போலீஸ்காரர் ஏழு என்கிறார். ஆஸ்பத்திரியில் ஆறு பேர்தான் படுத்திருக்கிறார்கள். எதை எழுதுவது? மாணவர் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தலையை எண்ண வேண்டும். காயம் பட்டவர் பெயரைச் சரியாகக் கேட்டு எழுத வேண்டும். போலீஸ் சொன்ன கணக்கை, போலீஸ் சொன்னது என்றே எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பல செய்திகளில் இந்த வேலை எதுவும் நடப்பதில்லை.

சட்டமும் பாடத்தில் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பேப்பரில் போடக் கூடாது. பொய்யாக ஒருவர் மேல் பழி எழுதினால் வழக்கு வரும். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இது நிருபருக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை. மத்திய அரசு ஆபீஸானாலும் கேரள அரசு ஆபீஸானாலும், நீங்களும் 10 ரூபாய் கட்டி மனுக் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் பணம் கட்ட வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எளிய நடையும் ஒரு பாடம். சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். அவர் வக்கீலுக்குப் படித்தவர். ஆனாலும் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பேப்பர் வர வேண்டும் என்று பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவரும் அதை வாங்கினார்.

சரி, எஸ்டேட்டிலும் எல்லை ஊரிலும் இருக்கிற பிள்ளைகள் இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?

மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 உயிர் போனது. எல்லாம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். போன் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. மறுநாள் இரவு கரிப்பூரில் ஒரு விமானம் விபத்தில் சிக்கியது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று பலர் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் லயத்தின் பேச்சு தெரிந்த நிருபர் வேண்டும். உயிர் தப்பியவர்கள் அழுதது தமிழில். மொழி தெரியாத நிருபருக்கு அதில் பாதிதான் போய்ச் சேரும். எல்லைப் பக்கம் வளரும் பிள்ளைக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். இரண்டு மொழிப் பேப்பருக்கும் அது வேலை செய்யலாம். காசு கொடுத்து வாங்க முடியாத முதல் இது.

எங்கே படிப்பது? சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் பி.ஏ. உண்டு. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் இதழியல் எம்.ஏ.வுக்கு மனுப் போடலாம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-லேயே இதைத் தொடங்கியது. கொச்சி காக்கநாட்டில் கேரள மீடியா அகாடமி, பட்டம் பெற்றவருக்கு ஒரு வருஷ டிப்ளமோ நடத்துகிறது.

பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசின் படிப்புப் பணம் உண்டு. ஆனால் 1950-க்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பங்களுக்குக் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கிடைப்பது பெரும் பாடு. பிள்ளை பத்தாவது படிக்கும்போதே வில்லேஜ் ஆபீஸில் விசாரித்து வைப்பது நல்லது. கல்லூரி திறக்கும் வாரம் ஓடினால் நடக்காது.

"படித்தால் வேலை நிச்சயமா?" என்று ஒரு தாய் கேட்கலாம். நிச்சயம் இல்லை. ஊர் நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. போட்ட செய்திக்குத் தக்கபடி கொஞ்சம் பணம் வரும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும். கூடவே இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் பழகிய பிள்ளைக்கு வேறு வழிகளும் திறக்கும்.

கல்லூரி வாசலையே பார்க்காதவர் நிருபர் ஆக முடியாதா? ஆகியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்ற மாவட்டம். 2002-இல் அங்கே கபர் லஹரியா என்ற பேப்பர் தொடங்கியது. நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். பலர் தலித் பெண்கள். சிலர் பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்கள். நிருபர் வேலைக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தார்கள். தங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார்கள். கெட்டுப்போன கை பம்பு, வராத ரேஷன், போடாத ரோடு, எல்லாம் செய்தி ஆனது. "பொம்பளைக்கு இது என்ன வேலை?" என்று ஆபீஸர்கள் விரட்டியதும் உண்டு. 2009-இல் யுனெஸ்கோ அவர்களுக்கு எழுத்தறிவு விருது கொடுத்தது. இப்போது அவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துச் செய்தி போடுகிறார்கள். அவர்களைப் பற்றி எடுத்த படம் 2022-இல் ஆஸ்கர் பரிசுப் போட்டி வரை போனது.

இனி பயிற்சி. இந்த வாரம் உங்கள் தெருவில் அல்லது லயத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராதது, பஸ் நின்றுபோனது, எதுவானாலும் சரி. இரண்டு பேரிடம் கேளுங்கள். ஆறு கேள்விக்கும் பதில் வரும்படி ஐந்து வரி எழுதுங்கள். அடுத்த வகுப்பில் வாசிக்கலாம்.