பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய பணம்

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களிடம் ‘உங்கள் பொருளை யார் வாங்குவார்கள்?’ என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். ‘எல்லாருமே வாங்கலாம்’ என்பார்கள். இல்லாவிட்டால், ‘நகரத்தில் இருக்கிற, 18 வயதிலிருந்து 35 வயதுக்கு உட்பட்ட, மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறவர்கள்’ என்பார்கள். இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர் சொன்ன பதில் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது. சந்தை எங்கோ தயாராக இருக்கிறது, இடத்தைக் குறித்துக்கொண்டு சரக்கோடு போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி என்ற எண்ணம். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புதிய பொருளுக்கான சந்தையை வயதையும் வருமானத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏதோ ஒரு சிரமத்தைச் சமாளிக்க, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, இன்றைக்கே காசையோ நேரத்தையோ செலவழித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள்தான் அந்தச் சந்தை. அவர்கள் யார் என்பது தொழில் தொடங்குகிறவருக்கு ஆரம்பத்தில் தெரிவதில்லை. பொருளைக் கொடுத்துவிட்டு, அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்க்கும்போதுதான் தெரியவரும்.

இதற்கு மிக நல்ல சான்று கென்யாவில் இருக்கிறது. எம்-பெசா என்ற பெயரை நேயர்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். செல்பேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை அது. நம் ஊர்க் கடைகளில் க்யூஆர் அட்டை தொங்க ஆரம்பித்ததற்குப் பல ஆண்டுகள் முன்பே, சாதாரண பட்டன் போனை வைத்துக்கொண்டு கென்யர்கள் பணம் அனுப்பினார்கள், பெற்றார்கள். ஆனால் எம்-பெசா அந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதல்ல. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவி நிதியில் ஒரு பங்கைப் பெற்று, வோடஃபோன் நிறுவனத்தின் நிக் ஹியூஸும் சூசி லோனியும் கென்யாவின் சஃபாரிகாம் நிறுவனத்தோடு சேர்ந்து 2005 அக்டோபரில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்பேசி வழியாகக் கட்டுவதற்கு வழி செய்வதுதான் நோக்கம். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் நடப்பதுபோல, அங்கும் கடன் வாங்கியவர்கள் வாராவாரம் ஓரிடத்தில் கூடித் தவணையை ரொக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலைச்சல் மிச்சமாகுமே, கணக்கு ஒழுங்காகுமே என்பது திட்டமிட்டவர்களின் கணிப்பு. ஃபாவுலு என்ற சிறுகடன் நிறுவனத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, நைரோபியிலும் அதற்கு அருகிலுள்ள தீக்காவிலும் சுமார் 500 பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அந்த 500 பேரும் தவணை கட்டினார்கள். கூடவே, யாரும் சொல்லிக்கொடுக்காத பல காரியங்களையும் செய்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு ஏதோ வேலை செய்து கொடுத்தார். அதற்குக் கூலியாக, வேலை செய்தவருடைய தவணையை மற்றவர் கட்டினார். சிறு வியாபாரிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலை இதிலேயே முடித்துக்கொண்டார்கள். வங்கி மூடிய பிறகும், பணத்தைக் கட்டவும் எடுக்கவும் உதவிய முகவர் கடை திறந்திருந்ததால், அன்றைய வசூலை இரவில் வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்தவர்கள் அங்கே போட்டுவைத்து மறுநாள் எடுத்தார்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் புறப்படும் இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு பேருந்து ஏறி, இறங்கிய இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். வழிப்பறிக்கு அஞ்சுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எண்ணிப் பாருங்கள். வேறு சிலர் தொலைவில் இருக்கும் உறவினரின் போனுக்குத் தங்கள் கணக்கிலிருந்தே ரீசார்ஜ் செய்துவிட்டார்கள். அதே சமயம், மூலத் திட்டம் தடுமாறியது. ஃபாவுலு நிறுவனத்துக்குத் தன் கணக்குப் புத்தகத்தோடு இந்தப் புதுமுறையை ஒத்துப்பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. கூட்டத்துக்கு வர வேண்டிய அவசியம் போனதும் குழுக்களின் கட்டுக்கோப்பும் தளர்ந்தது.

ஆக, யாருக்காகச் செய்தார்களோ அந்த நிறுவனத்துக்கு இது சுமையானது. யாரும் கணக்கில் வைக்காத ஒரு தேவைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. நைரோபியில் வேலை பார்க்கும் ஒரு மகன் கிராமத்திலிருக்கும் தாய்க்கு அதுவரை எப்படிப் பணம் அனுப்பினான்? தபால் நிலையம் இருந்தது. ஊருக்குப் போகிற உறவினர் இருந்தார். அதுவும் இல்லையென்றால் பேருந்து ஓட்டுநரிடம் ஓர் உறையைக் கொடுத்து, ஊர் நிறுத்தத்தில் அம்மா நிற்பாள் என்று சொல்லி அனுப்பினான். ஓட்டுநருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்ததா என்ற கவலை வேறு. வயது வந்த கென்யர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்போது வங்கிக் கணக்கு இருந்தது. அந்த உறைகள் பயணம் செய்த வழிதான் எம்-பெசாவின் உண்மையான சந்தை. நடத்தியவர்கள் இதைப் புரிந்துகொண்டு தவணை வசூலை ஓரமாக வைத்தார்கள். 2007 மார்ச்சில் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற ஒரே செய்தியோடு நாடு முழுவதும் சேவையைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள்.

பொருள் நன்றாக இருந்தது, அதனால் வென்றது, இதில் சந்தை எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றலாம். இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்கா பதில் சொல்கிறது. அதே எம்-பெசாவை 2010-இல் அங்கே, நெட்பேங்க் என்ற பெரிய வங்கியின் துணையோடு கொண்டுபோனார்கள். பெயர் அதுதான், வேலையும் அதுதான். கென்யாவில் பெற்ற அனுபவம் வேறு கையில் இருந்தது. ஆனால் அங்கே நிறையப் பேருக்கு ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. இல்லாதவர்கள் பெரிய மளிகைக் கடைகளின் கவுன்ட்டரிலேயே பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநரிடம் உறை கொடுத்தனுப்பும் தவிப்பு அந்த அளவுக்கு அங்கே இல்லை. 2016-இல் சேவையை மூடிவிட்டார்கள். புள்ளிவிவரத்தில் பார்த்தால் தென்னாப்பிரிக்கா கென்யாவைவிடப் பணக்கார நாடு, செல்பேசியும் அதிகம். அந்த இரண்டும் இதற்குப் பயன்படவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று கடலூரில் இருக்கிறது. ஷாம்பு சாஷேயைப் பற்றிப் பேசும்போது பலரும் விலையைத்தான் சொல்வார்கள். குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள், அதனால் விற்றது என்பார்கள். அது பாதிதான் உண்மை. சின்னி கிருஷ்ணன் என்ற கடலூர்க்காரர் முகப்பவுடர் முதலிய பொருள்களைச் சின்னப் பொட்டலங்களில் போட்டு விற்றவர். வசதியுள்ளவர்கள் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைச் சாஷேயில் விற்கத் தொடங்கினார். வருமானப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்தக் கூலித் தொழிலாளி ஷாம்பு வாங்குகிறவர் பட்டியலில் வரவே மாட்டார். ஆனால் அவர் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போகும் வழியில் கடையில் என்ன செய்கிறார்? அன்றைக்கு வேண்டிய எண்ணெய், அன்றைக்கு வேண்டிய டீத்தூள், அன்றைக்கு வேண்டிய சர்க்கரை. நாள் கூலிக்காரரின் வாங்கும் முறையே அதுதான். சாஷே புதுப் பழக்கம் எதையும் கேட்கவில்லை, இருந்த பழக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ரங்கநாதனின் நிறுவனத்தார் இன்னொரு காரியமும் செய்தார்கள். சீயக்காயும் குளியல் சோப்பும் போட்டே தலை குளித்துப் பழகிய கிராமங்களில் ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்க அவன் தலையை ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரம் காட்டினார்கள். பிறகு, எந்த ஷாம்புவாக இருந்தாலும் காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். இந்தத் திட்டத்தைத் தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது. காலி சாஷேயை எடுத்துக்கொண்டு வருகிறவர் ஏற்கெனவே ஷாம்புக்குக் காசு கொடுத்தவர். கடைக்காரரின் மேஜையில் தாமாகவே வந்து நின்ற சந்தை அது. அவர்கள் வந்து பழகிய பிறகு, சிக் காலி சாஷேக்களை மட்டும்தான் எடுப்போம் என்று திட்டத்தை மாற்றினார்கள்.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘இதுவரை உலகத்தில் இல்லாத பொருளாக இருந்தால், மக்கள் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று பார்த்து என்ன பயன்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் 3எம் நிறுவனம், ஒட்டவும் உரிக்கவும் முடிகிற சிறு காகிதங்களை 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தது. விற்பனை சோர்ந்துகிடந்தது. ஓராண்டு கழித்து ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரத்து அலுவலகங்களில் இலவசமாகவே கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்குவோம் என்றார்கள். 1980-இல் நாடு முழுக்க விற்பனைக்கு வந்த போஸ்ட்-இட் அதுதான். அலுவலகங்களில் இருந்தவர்கள் அதற்கு முன்பும் துண்டுச் சீட்டில் எழுதி, குண்டூசியால் குத்தி, கிளிப் மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தேவை இருந்தது, இந்தப் பொருள் அதைத் தீர்க்கும் என்பதை விளம்பரத்தால் சொல்ல முடியவில்லை, விரலால்தான் உணர முடிந்தது. பொருள் எவ்வளவு புதியதோ அவ்வளவுக்குக் கேள்வித்தாள் பயன்படாது, கையில் கொடுப்பதுதான் பயன்படும்.

இதைவிடக் கனமான மறுப்பு டாடா நானோ கார். ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போகும் குடும்பம் நம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதுபோல, சிரமத்தைக் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் மனிதர்கள்தான் அவர்கள். அவர்களுக்காகவே 2009-இல் நானோ விற்பனைக்கு வந்தது. குஜராத்தின் சனந்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் கார் செய்யும் ஆலை எழுந்தது. விற்பனையோ எந்த ஆண்டிலும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 2018-இல் உற்பத்தி ஓய்ந்தது. அப்படியானால் என் வாதம் உடைந்துவிட்டதா? இல்லை என்றே நினைக்கிறேன். சிரமத்தைச் சரியாகப் பார்த்தார்கள். அந்தக் குடும்பம் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எதற்குச் செலவழித்தது என்பது அடுத்துப் பார்க்க வேண்டியது. பழைய மாருதி ஒன்றை வாங்கியவர்கள் உண்டு. இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருந்தவர்கள் உண்டு. கார் வாங்குவது குடும்பத்துக்கு ஒரு கௌரவம், நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு ஊரார் பார்க்க நிறுத்துகிற காரியம். ‘இருப்பதிலேயே மலிவான கார்’ என்ற பெயரோடு அதை வீட்டு வாசலில் நிறுத்த மனம் வரவில்லை. மலிவு என்று பெயர் விழுந்தது தவறு என்று நானோவைக் கொண்டுவந்த ரத்தன் டாடாவே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆலை எழும்புவதற்கு முன், சிறு எண்ணிக்கையில் விற்றுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். கார் தொழிலில் அது எளிதல்ல என்பதும் உண்மைதான்.

முதலீட்டாளர்களின் மறுப்பு ஒன்று உண்டு. இப்படிச் சின்ன வட்டத்தில் தொடங்கினால் எப்போது பெரிதாவது என்பார்கள். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைப் பாருங்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஒரு மென்பொருளின் விலை திடீரென ஏற, அதைப் பயன்படுத்தியவர்கள் இணையத்தில் கொதித்துக்கொண்டிருந்ததைக் கவனித்துத்தான், அதன் நிறுவனர்களில் ஒருவரான கிரிஷ் மாத்ருபூதம் இதில் இறங்கினார். ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டிருந்தவர்கள், கோபத்தில் இருந்தவர்கள். இதைவிடத் தெளிவான சந்தை எங்கே கிடைக்கும்? முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்லூரி. 2021-இல் அந்த நிறுவனம் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. வட்டம் சின்னதாக இருந்தது தடையாகவில்லை.

நேரம் நெருங்குகிறது, ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ‘இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?’ என்று தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘ரொம்ப நல்லா இருக்கு தம்பி’ என்று சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘இந்தத் தொல்லை கடைசியாக எப்போது வந்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவர் உங்கள் சந்தை இல்லை. கல்லூரிகளில் தொழில்முனைவோர் போட்டி நடத்தும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தை எத்தனை கோடி என்று காட்டும் படங்களுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் மறுபடி வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வரப்போகும் போட்டியிலேயே இதைத் தொடங்கிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.