வண்டி ஆயிலுக்குத் தனிக் கேன், தனி வழி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஒழுகாமல், சிந்தாமல் எப்படி வைப்பது, எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இது பட்டறைக்காரர்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி என்று நம்மைச் சுற்றி வண்டித் தொழில்தான். நம் தெருவிலேயே பைக் இல்லாத வீடு அபூர்வம். சில வீடுகளில் டிராக்டர், வேன், ஜெனரேட்டர் இருக்கின்றன. கூலி மிச்சம் என்று ஆயிலை வீட்டிலேயே மாற்றுகிறவர்களும் உண்டு. ஒரு பைக்கில் ஏறக்குறைய 1 லிட்டர் இறங்கும். சின்னக் காரில் 3, மூன்றரை லிட்டர். லாரி என்றால் 10 லிட்டருக்கு மேல். இறங்கிய ஆயில் அடுத்து எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு கவலை இருக்கிறது. ஆட்டையாம்பட்டி என்றாலே முறுக்கு. முறுக்கு என்றால் எண்ணெய். அந்த எண்ணெய் 15 கிலோ டின்னிலும் பிளாஸ்டிக் கேனிலும் வருகிறது. காலியான கேன் வீட்டுக்கு வீடு கிடக்கும். பழைய ஆயில் பிடிக்க எதைத் தேடுவோம்? அந்தக் கேனைத்தான். அது ஆறு மாதம் கழித்துப் பழைய கேன் வியாபாரியிடம் போகும். அவர் கழுவி விற்பார். அடுத்து அதில் என்ன ஊற்றப்படும் என்று நமக்குத் தெரியாது.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1959ஆம் வருஷம் மொராக்கோ நாட்டில் மெக்னெஸ் என்ற ஊரில், அமெரிக்க விமானத் தளத்திலிருந்து உபரியாக விற்கப்பட்ட ஜெட் எஞ்சின் ஆயிலைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் சுமார் 10,000 பேருக்குக் கை கால் விளங்காமல் போனது. அந்த ஆயிலில் இருந்த ஒரு பாஸ்பேட் ரசாயனம் நரம்பைத் தாக்கியதுதான் காரணம். அங்கே வேண்டுமென்றே கலந்தார்கள். நம் வண்டி ஆயிலில் உள்ள மருந்துகளும் வேறு. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: எஞ்சினுக்குரியது ஒரு தடவை அடுப்படி வழியில் ஏறிவிட்டால், வாங்கிச் சமைக்கிறவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆகவே முதல் விதி: சமையல் எண்ணெய் வந்த கேனில் வண்டி ஆயில் ஊற்றக் கூடாது. வண்டி ஆயில் இருந்த கேன் எந்தக் காலத்திலும் வீட்டுக்குள் வரக் கூடாது. தூக்கிப் போடும்போது அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். மறுபடி யாரும் எதையும் பிடிக்க முடியாது.

குடிதண்ணீர் பாட்டில், கலர் பாட்டில் இதிலெல்லாம் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும். அப்படி யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது ஆயில் நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய கெடுதல். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் எதில் பிடிப்பது? புது ஆயில் வந்த கேனே நல்லது. மூன்று, ஐந்து லிட்டர் கேன்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. கேனின் அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்று போட்டிருந்தால் அது கெட்டியான பாலித்தீன், ஆயிலுக்குத் தாங்கும். 1 என்று போட்டிருப்பது தண்ணீர் பாட்டில் வகை; சூடான ஆயில் பட்டால் நெளிந்துவிடும். முதல் தடவை பயன்படுத்தும் முன்பு கேனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பாருங்கள். காலையில் தரை நனைந்திருந்தால் அந்த மூடி ஆகாது. பெரும்பாலும் கேன் ஒழுகுவதில்லை, மூடிக்குள் இருக்கிற வாஷர்தான் ஒழுகும். வாயில் பாலித்தீன் பையை வைத்து மூடியைத் திருகுவது நம் ஊர் வழக்கம். அது ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சரி, மாதக்கணக்கில் வைப்பதற்கு ஆகாது. சோதித்த பிறகு கேனை நன்றாகக் காய வைத்துவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

ஆயில் சிந்துகிற இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சினிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து கேனுக்கு, கேனிலிருந்து பேரலுக்கு என்று ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் சிந்தும். மாற்றுகிற தடவையைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. தட்டிலிருந்து நேராகக் கேனுக்கு. அதே கேனோடு வாங்குகிறவரிடம். இடையில் வேறெதுவும் வேண்டாம்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு திறங்கள். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். தட்டு அகலமாக, இறங்குகிற ஆயிலைப் போல இரண்டு மடங்கு கொள்வதாக இருக்கட்டும். அடியில் அட்டையோ பழைய சாக்கோ விரியுங்கள். பிறகு புனல் வைத்து மெதுவாகக் கேனில் ஊற்றுங்கள். கேனிலிருந்து வெளியே ஊற்ற நேர்ந்தால், வாய் மேல்பக்கம் வருகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். காற்று உள்ளே போக வழி இருந்தால் ஆயில் குபுக் குபுக்கென்று துள்ளாமல் சீராக விழும். ஃபில்டரைக் கழற்றியவுடன் குப்பையில் போடாதீர்கள். அதே தட்டில் 12 மணி நேரமாவது கவிழ்த்து வைத்தால் உள்ளே நிற்பது வடிந்துவிடும்.

கேனை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. ஆயில் சூட்டில் விரியும். 200 லிட்டர் பேரலில், காலைக்கும் மத்தியானத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 4 லிட்டர் அளவுக்கு விரியும். நம் சித்திரை வெயிலில் தகரப் பேரல் எவ்வளவு சூடாகும் என்று உங்களுக்கே தெரியும். பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

வைக்கிற இடம் நிழலாக, கூரைக்குக் கீழே, அடுப்புக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். மழையில் நிற்கிற பேரலின் மேல்மூடியில் தண்ணீர் தேங்கி, மூடி வழியாக உள்ளே இறங்கும். தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். ஆயில் மேலே ஏறி வழியும். கேனை ஒரு பிளாஸ்டிக் தட்டிலோ சட்டியிலோ நிறுத்துங்கள். அந்தச் சட்டி கேனில் இருப்பது முழுவதையும் தாங்கி, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற அளவில் இருக்கட்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் பேரலைச் சுற்றிச் சின்னக் கட்டு கட்டிவிடுவது நல்லது. கேன் மேல் பெயின்ட்டில் 'பழைய வண்டி ஆயில்' என்று தேதியோடு எழுதுங்கள். அந்தக் கேனில் பெட்ரோல், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள்.

கொண்டுபோகிற விஷயத்துக்கு வருகிறேன். 20 லிட்டர் ஆயில் கேன் ஏறக்குறைய 18 கிலோ. அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஒரு குலுக்கலுக்குக் கைப்பிடி பிய்ந்துவிடும். ஆயில் சிந்திய ரோட்டில் பின்னால் வருகிற பைக் வழுக்கும், அதிலும் முதல் மழைத் தூறலில் நிற்கவே நிற்காது. ஐந்து லிட்டர் கேன்களாக, நிமிர்ந்தபடி, காய்கறி கிரேட்டில் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். காரில் என்றால் டிக்கியில் தட்டு வைத்து, கேன் சாயாதபடி இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள். பஸ்ஸில் வேண்டாம். கூடவே ஒரு பையில் மரத்தூளோ மணலோ, கொஞ்சம் தறி வேஸ்டோ எடுத்துப் போங்கள்.

சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அது சாக்கடைக்குத்தான் போகும். மரத்தூளைக் கொட்டி, ஊறவிட்டு, வாரித் தனிப் பையில் கட்டுங்கள். அந்த வேஸ்டை அடுப்பில் போடாதீர்கள். கையில் பட்டதைப் பெட்ரோலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓடிய ஆயிலில் புற்றுநோய் வரவழைக்கிற பொருட்கள் சேர்ந்திருக்கும். ஒருநாள் பட்டால் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் தினமும் படுகிற பட்டறைப் பையன்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுப்பது முதலாளி கடமை.

"கொஞ்சம் ஆயில்தானே, சாக்கடையில் ஊற்றினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கார் ஆயில் மாற்றத்தில் இறங்குவது 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அது சுமார் 38 லட்சம் லிட்டர். நம் சாக்கடையும் மழைத் தண்ணீரும் திருமணிமுத்தாற்றில் சேர்கின்றன. அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கும் போருக்கும் வழி தேடும். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் மண்ணுக்கடியில் இருந்த பெட்ரோலியக் குழாய் கசிந்து, வீட்டு போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அது பெரிய குழாய், நம்முடையது சின்னக் கேன். ஆனால் நிலத்தடியில் இறங்கியதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்பது அங்கே தெரிந்தது.

கரையானுக்கு ஊற்றுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது, கொசுவுக்காகக் கிணற்றில் விடுவது இதெல்லாம் நடக்கிறது. உள்ளாட்சிக்காரர்கள் தேங்கின கழிவுநீரில் ஆயில் பந்து போடுவதைப் பார்த்துவிட்டு நாமும் செய்ய வேண்டியதில்லை. எங்கே போடலாம் என்பதைச் சுகாதாரத் துறை முடிவு செய்யட்டும்.

ஓடிய ஆயில் வீணான பொருளும் இல்லை. அழுக்குச் சேர்ந்து, மருந்து தீர்ந்திருக்கும், அடிப்படை எண்ணெய் அப்படியே இருக்கும். சுத்திகரித்தால் மறுபடி எஞ்சினுக்கே ஆகும். அதனால்தான் 2016ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிகள், அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன. 2023இல் வந்த திருத்தத்தின்படி, ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிகளே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு. இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஆயில் மாற்றித் தருகிற சர்வீஸ் சென்டரிடம், "இறக்கிய ஆயிலை யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்று தாராளமாகக் கேளுங்கள். அடுப்புக்கும் சூளைக்கும் வாங்கிப் போகிறவர் இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பார். அதிலுள்ள ஈயமும் துத்தநாகமும் புகையில் போய் நம் ஊர் மேலேயே இறங்கும்.

முறுக்குப் போடுகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்து கறுத்த சமையல் எண்ணெய்க்கு வேறு வழி இருக்கிறது. பொரித்த எண்ணெயில் போலார் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் செய்கிறார்கள். வண்டி ஆயில் பயோடீசலாக மாறாது. ஒரு கேனில் இரண்டும் கலந்தால் இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள், கடைசியில் சாக்கடைதான். இரண்டு கேன், இரண்டு நிறம், இரண்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியலை எழுதிக் கேட்டு வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். இரண்டு, வீட்டில் சேரும் அபாயக் கழிவைத் தனியாகப் பெற மூன்று மாதத்துக்கு ஒரு நாள் ஒதுக்கும்படி பேரூராட்சிக்கு மனு கொடுப்போம். மூன்று, சங்கமே பேரல் வைத்து ஊர் ஆயிலைச் சேர்க்க வேண்டாம். அனுமதி இல்லாமல் அவ்வளவு ஆயிலை ஓரிடத்தில் வைத்தால் நாமே ஆபத்தை வாங்கி வைத்த மாதிரி. அவரவர் கேன் அவரவர் பொறுப்பில் இருந்து, நேராகப் போகட்டும்.

 சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள். மூடி சரியில்லாத கேன் இருந்தால் எடுத்து வாருங்கள், வாஷர் மாற்றிக் காட்டுகிறேன்.