திறப்பு யார் கையில்?



எங்கள் கரம்பொன், தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர் என்ற பெருமையை வேறொரு நாள் பேசலாம். இன்று எங்கள் வீடுகளின் உள்ளறையில் நடக்கும் களவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

களவு என்றுதான் சொல்கிறேன். போர் வந்தது, யாழ்ப்பாணத் தீவகம் இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போனார்கள். ஊரில் மிஞ்சியது ஒரு பெரிய வளவு, ஒரு கல்வீடு, அதற்குள் ஓர் ஆச்சி. அவவுக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியதும், "நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வருகிறார். முதலில் அடையாள அட்டை அவர் கைக்குப் போகிறது, பிறகு வங்கிப் புத்தகம், பிறகு அலுமாரித் திறப்பு. ஒருநாள் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வீட்டுக்கு வருகிறார்கள். அற்றோணித் தத்துவத்திலோ நன்கொடை உறுதியிலோ ஆச்சியின் பெருவிரல் பதிகிறது. வாசித்துக் காட்டினோம் என்பார்கள். அவவுக்கு விளங்கியதா என்று கேட்டது யார்?

"பார்த்தவருக்குத்தானே சொத்து" என்று இங்கே சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. பாயில் கிடப்பவரைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது லேசான வேலை அல்ல. அதற்குரியதைக் கொடுங்கள்; ஊரறிய, அவர் தெளிவாக இருக்கும்போதே கொடுங்கள். தெளிவு போன பிறகு பெருவிரலைப் பிடித்து வைத்து எடுப்பது பராமரிப்பின் கூலி ஆகாது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் சுத்தமானவர்கள் அல்லர். காணியை விற்கும் அவசரத்தில் தாயை இல்லத்தில் சேர்த்துவிட்டு, அவவிடம் ஒரு வார்த்தை கேளாதவர்களை நான் அறிவேன்.

நீதிமன்றம் போனால் எல்லாம் சரியாகிவிடுமா? 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, ஒருவர் சித்த சுவாதீனமற்றவரா என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, அவருடைய ஆதனத்துக்கு முகாமையாளரை நியமிக்கலாம். விசாரணை உண்மையான விசாரணையாக இருந்தால் அது பாதுகாப்புத்தான். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் வேகாசைப் பாருங்கள். ஏப்ரல் பார்க்ஸ் என்ற தொழில்முறைப் பாதுகாவலர், முதியவர்களை நேரில் விசாரிக்காமலே கொடுக்கப்பட்ட நீதிமன்ற உத்தரவுகளோடு அவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர்களை இல்லங்களில் சேர்த்தார், சொத்தைக் கையாண்டார். 2019 இல் அவருக்குக் குறைந்தது 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உத்தரவு கொடுத்தது நீதிமன்றம் என்பதை மறக்காதீர்கள்!

யாரைப் பாதுகாவலராக வைக்கிறோம் என்பதும் முக்கியம். 1858 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென்று பிரித்தானியர் ஒரு சட்டம் செய்தார்கள். புத்தி தளர்ந்தவரின் சட்டபூர்வ வாரிசை, அவருடைய உடலுக்குப் பாதுகாவலராக எந்த நிலையிலும் நியமிக்கக்கூடாது என்று அதில் எழுதினார்கள். குடியேற்ற ஆட்சியின் சட்டங்களை நான் புகழ்பவன் அல்லன். ஆனால் ஒருவர் இறந்தால் இலாபம் அடைபவரிடம் அவருடைய மருந்தையும் சோற்றையும் ஒப்படைக்கக் கூடாது என்ற அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயம் இன்று எங்களிடம் இல்லை. வாரிசிடமே திறப்பு, வாரிசிடமே மருந்து, வாரிசிடமே உறுதி!

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றது. சட்டத்தின் முன் அவர்களும் மற்றவர்களைப் போன்ற ஆட்களே என்றும், முடிவெடுக்க அவர்களுக்குத் துணை கொடுக்க வேண்டும் என்றும் அதன் 12 ஆம் உறுப்புரை சொல்கிறது. அவர்களுடைய இடத்தில் இன்னொருவரை இருத்திவிட்டு அவர்களை மறந்துவிடுவது துணை அல்ல. புத்தி தடுமாறியவருக்கும் எந்த அறையில் படுப்பது, யார் குளிக்க வார்ப்பது, எந்தக் கோயில் மணி கேட்க வேண்டும் என்ற விருப்பம் உண்டு. கேட்டால் சொல்வார்கள். மெதுவாகக் கேட்க வேண்டும், இரண்டு தரம் கேட்க வேண்டும்.

ஏமாந்தவர்களுக்கு வழி முழுதும் அடைபடவில்லை. நன்கொடை வாங்கியவர் கொடியமுறையில் நன்றி மறந்தால், உறுதியை நீதிமன்றத்தில் இரத்துச் செய்யக் கேட்பதற்கு 2017 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, காலம் கடத்தாதீர்கள். பிள்ளைகள் கைவிட்டால், 2000 இன் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம்.

இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். தனியே படுக்கையில் இருக்கும் ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை இரண்டு பேர் பார்க்கவேண்டும். இருவரும் அவருடைய வாரிசுகளாக இருக்கக்கூடாது. வங்கிப் புத்தகமும் அடையாள அட்டையும் யாரிடம் என்று அவர்கள் கேட்டு எழுதவேண்டும். வீட்டுக்காரர் வாசலில் மறித்தால், அன்றைக்கே விதானையாரிடமும் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுக்கவேண்டும். இதை வழிமொழிபவர்கள் எழுந்து நில்லுங்கள்.