கட்டம் போட்டால் கணக்குத் தெரியும்



புனே மாவட்டத்தில் சுபே என்று ஓர் ஊர். சந்தை கூடும் ஊர். 1875-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், சுற்று வட்டார உழவர்கள் அங்கே திரண்டார்கள். சாவுகார்களின் கடைகளுக்குள் புகுந்தார்கள். சாவுகார் என்றால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். அவர்களுடைய கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பிடுங்கித் தீ வைத்தார்கள். கலவரம் அன்றைய அகமத்நகர் மாவட்டத்துக்கும் பரவியது.

காகிதத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்?

பருத்தி விலை விழுந்திருந்தது. நிலவரி ஏறியிருந்தது. கடன் வளர்ந்துகொண்டே போனது. பணம் கட்டினால் ரசீது கிடைப்பதில்லை, பத்திரத்தில் பொய்க்கணக்கு எழுதுகிறார்கள் என்று உழவர்கள் முறையிட்டார்கள். எல்லாச் சாவுகார்களும் ஏய்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்து தெரியாதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கணக்கைப் படமாகப் போட்டுப் பாருங்கள். ஓர் உழவர் 100 ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 ரூபாய் கட்டிவிட்டார். தரையில் குச்சியால் ஒரு நீளக் கட்டம் போடுங்கள். முழுக் கட்டம் 100. நடுவே ஒரு கோடு கிழியுங்கள். சின்னத் துண்டு, கட்டிய 30. பெரிய துண்டு, பாக்கி. அது தெரியாது. கேள்விக்குறி போடுங்கள்.

| 30 |     ?     |

இந்த ஒரே படத்தில் இரண்டு கணக்கு இருக்கிறது.

30 + ? = 100
100 – 30 = ?

துண்டுகளைச் சேர்த்தால் முழுசு வரும். அது கூட்டல். முழுசில் ஒரு துண்டை எடுத்தால் மற்றது மிஞ்சும். அது கழித்தல். எப்படிப் போட்டாலும் பாக்கி 70.

வட்டி 20 ரூபாய் என்று வையுங்கள். 70-க்குப் பக்கத்தில் 20-ஐ ஒட்டுங்கள்.

|     70     | 20 |

70 + 20 = 90

புதுப் பத்திரம் 90 ரூபாய்க்கு இருக்க வேண்டும். ஆனால் 120 என்று எழுதியிருக்கிறது! 90-க்கு மேலே 120-க்கு ஒரு கட்டம் வரையுங்கள். ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். அது எவ்வளவு?

120 – 90 = 30

உழவர் கட்டினாரே, அதே 30! அதை வரவு வைக்கவே இல்லை. பழைய 100-உடன் 20-ஐக் கூட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்த 30-க்கும் சேர்த்து வட்டி ஏறும்.

1879-இல் தக்காண விவசாயிகளுக்காக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. உழவர் பணம் கட்டினால், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ரசீது எழுதித் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இன்னொரு படம் போடுங்கள். கடன் 500 ரூபாய். கையில் இரண்டு ரசீது. ஒன்று 120, மற்றொன்று 60. இப்போது கட்டத்தில் மூன்று துண்டு. பாக்கித் துண்டு எவ்வளவு? எழுதிவிட்டு, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 500 வருகிறதா?