நோய் கண்ட அன்றே புகையை விடுவோம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயிரில் பூச்சி கண்டால் மருந்து தெளிக்கிறோம். அத்துடன், பூச்சிக்கு இடங்கொடுக்கும் வரப்புக் களையையும் அகற்றுகிறோம். களையை விட்டுவைத்து மருந்தை மட்டும் நம்புகிறவனை நல்ல உழவன் என்று எவரும் சொல்லார். ஆனால் நம் உடம்பில் நோய் கண்டால் மட்டும் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பீடியுமாக இருந்துவிடுகிறோம். இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாம் அறிந்த உழவர் ஒருவருக்குக் காசநோய் கண்டது. மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் இருமல் தணிந்தது, முகம் தெளிந்தது. "மருந்துதான் வேலை செய்கிறதே, பீடி என்ன செய்துவிடும்?" என்று மீண்டும் பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டார். நாளடைவில் மருந்திலும் ஒழுங்கு குறைந்தது. ஆறாம் மாதம் சளியைச் சோதித்தபோது கிருமி இருந்தது. சிகிச்சை நீண்டது; ஒரு போக சாகுபடி போயிற்று; நிலம் குத்தகைக்குப் போயிற்று. நோயைச் சொன்ன முதல் நாளில் பீடியைப் பற்றி அவரிடம் எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அந்தக் குறை நம்முடையதே.

"இனி விட்டு என்ன பயன்?"

நோய் வந்தவர் பலர் கேட்கும் கேள்வி இது. வந்தது வந்துவிட்டது, இனி விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன என்பது அவர்கள் எண்ணம். இது தவறான எண்ணமாகும்.

காசநோயை முதலில் எடுத்துக்கொள்வோம். நுரையீரலில் புகுந்த கிருமியை எதிர்த்து நிற்கும் அணுக்களைப் புகை வலுவிழக்கச் செய்கிறது. டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் நம் மாநிலத்திலேயே, சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும், ஏறத்தாழ 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். புகைப்பவர் காசநோயால் இறப்பது, புகைக்காதவரைக் காட்டிலும் சுமார் நான்கு மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டனர். பீடி கெடுதல் குறைந்தது என்பாரும் உளர். பீடி அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால், அதன் நஞ்சு உள்ளே செல்வது குறைவதில்லை.

அடுத்து நீரிழிவு. புகையிலையிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நீரிழிவும் அதே குழாய்களைத்தான் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காலுக்கு இரத்தம் செல்வது குறைகிறது. வயலில் குத்திய சிறு முள்ளும் ஆறாத புண்ணாகிக் காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மேலும், புகைப்பவருக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினம்.

மாரடைப்பு கண்டு பிழைத்தவர் புகையை அறவே விட்டால், அவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதற்கு நிகரான பயன் தரும் மருந்துகள் சிலவே. புற்றுநோய் கண்டவருக்கும் இது பொருந்தும்; புகைப்பவருக்கு வேறொரு புற்றுநோய் தோன்றும் அபாயமும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே புகையை விட்டவருக்குப் பின்தொல்லைகள் குறைகின்றன.

மின்சிகரெட்டு மாற்று ஆகுமா?

பட்டணம் சென்று திரும்பும் இளைஞர்கள் சிலர், "இது புகையன்று, வெறும் ஆவிதான்" என்று மின்சிகரெட்டைக் காட்டுகின்றனர். அது வெறும் நீராவியன்று. பெரும்பாலானவற்றில் நிகோடின் கலந்த திரவமே சூடேறி ஆவியாகிறது. அந்த நிகோடின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். ஆதலால் புதிதாக இதயநோயோ இரத்த அழுத்தமோ கண்டவருக்கு அது நல்ல துணையன்று. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆவி இழுத்தவர்களிடையே கடும் நுரையீரல் நோய் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட எண்ணெய்ப் பொருளொன்றே அதற்கு முக்கிய காரணமெனக் கண்டறியப்பட்டது. திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை இழுப்பவர் அறியார் என்பதே இதில் நமக்குள்ள பாடம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்துள்ளது.

விடுவது எவ்வாறு?

விட்ட முதல் வாரம் கடினமானது. எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி ஆகியவை தோன்றும். இருமலும் சளியும் சிலருக்குச் சிறிது கூடலாம். நுரையீரல் தன்னைத் துப்புரவு செய்துகொள்வதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அதைக் கண்டு அஞ்சி மீண்டும் பீடியை நாடலாகாது. ஆயினும் காசநோயாளி அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் புகையை விட்டதும் மருந்தின் அளவைத் தாமாக மாற்றலாகாது. தாங்க முடியாதவர்களுக்கு நிகோடின் மெல்லுமிட்டாய் முதலிய மருந்துகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

விட்டவர் உடனே பயனை அடைகிறார். இருபது நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓராண்டில் இதயநோய் அபாயம், புகைப்பவருக்குள்ளதில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

நோயாளியைக் காணச் செல்கிறோம்; திண்ணையில் அமர்ந்து ஆறுதல் கூறுகிறோம்; கூடவே ஒரு பீடியையும் நீட்டுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் அது அவருக்குத் தீங்காக முடிகிறது. திருமண வீட்டுத் தாம்பாளத்திலும் இழவு வீட்டுத் திண்ணையிலும் சிகரெட்டும் பீடியும் வைக்கும் வழக்கத்தை நம் ஊரிலிருந்து அகற்றுவோம்.

பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை நடைமுறையில் உள்ளது. பஞ்சாயத்து அலுவலகமும் பொது இடமே. உறுப்பினரே அங்கு பீடி பற்றவைத்தால் ஊரார்க்கு யார் சொல்வது? பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்பதும், 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பதும் குற்றமாகும். பெட்டிக்கடைக்காரருக்கு இதை முதலில் நயமாக எடுத்துச் சொல்வோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரில் ஒருவருக்குப் புதிதாக நோய் கண்டதென்று அறிந்தால், அந்த வாரத்திற்குள் உறுப்பினர் ஒருவர் அவர் இல்லம் சென்று புகையைப் பற்றிப் பேச வேண்டும். வசை வேண்டாம், வற்புறுத்தல் வேண்டாம். "இன்று எத்தனை பீடி?" என்று கேட்டு, அடுத்த வாரமும் சென்று கேட்டால் போதும். அன்று அந்த உழவர் வீட்டுக்கு அப்படி ஒருவர் சென்றிருந்தால், அவர் தம் நிலத்தைத் தாமே உழுதுகொண்டிருக்கக்கூடும். இனி நம் ஊர்களில் அக்குறை நேராமல் காப்போமாக.