புரட்சிக்குக் காசு கட்டியது யார்?

வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவம், வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று சொல்லி உங்களைக் களைக்க வைப்பவன் நான். இன்றைக்கு ஒரு மாற்றமாகச் சரித்திரம் பேசப் போகிறேன். கணக்காளன் பேசுகிற சரித்திரம் என்றபடியால் இடையிடையே காசுக் கணக்கும் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் வீட்டுப்பாட வகுப்பைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே உலக சரித்திரம் படிப்பிக்கிற தங்கச்சி குழந்தை கிடைத்து லீவில் நின்றபோது, ஒரு தவணைக்கு அந்த வகுப்பைப் பார்த்துக் கொள்ளச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் ஊரில் வணிகம் படித்துப் பட்டம் பெற்றவன். சரித்திரத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவன். பாடம் என்ன என்று கேட்டேன். "அரசியல் புரட்சிகளும் கைத்தொழில் புரட்சியும்" என்றார்கள். சம்மதித்து விட்டேன்.

முதல் சனிக்கிழமை நான் செய்தது பெரிய பிழை. எங்களுக்கு எங்கள் வாத்தியார் படிப்பித்தது மாதிரி, "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து" என்று பலகையில் எழுதிப் போட்டேன். பதினான்கு பிள்ளைகளும் பேசாமல் எழுதினார்கள். வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "அங்கிள், இது நல்ல விசயமா, கூடாத விசயமா?" எனக்குப் பதில் வரவில்லை. இரண்டும் தான் என்று சமாளித்து விட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு யோசித்தேன். ஒரு கடையின் கணக்கைப் பார்க்க யாரும் என்னிடம் வந்தால், கடை நல்லதா கூடாததா என்று நான் கேட்பதில்லை. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யாருக்குக் கடன், அது எப்போது முடியும் என்றுதான் கேட்கிறேன். அதையே ஏன் இங்கேயும் கேட்கக் கூடாது?

அடுத்த கிழமை பலகையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினேன். யாருக்கு என்ன கிடைத்தது? அதற்குக் காசு கட்டியது யார்? எத்தனை வருடம் கட்டினார்கள்?

பிரான்சில் இருந்து தொடங்கினோம். 1781 ஆம் ஆண்டு மன்னனின் நிதிப் பொறுப்பாளர் நெக்கர், நாட்டின் வரவு செலவுக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை அது அரச இரகசியம். ஒரு கோடி லிவ்ர் மிச்சம் இருப்பதாக அந்தக் கணக்கு காட்டியது. ஆனால் அமெரிக்க சுதந்திரப் போருக்காக வாங்கிய கடனில் ஓடிய செலவை அவர் 'வழமையான செலவு' இல்லை என்று வெளியே வைத்து விட்டார். என்னிடம் ஒரு வாடிக்கையாளர் அப்படிச் செய்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். 1788 இல் அரசாங்கச் செலவில் ஏறக்குறைய பாதி, பழைய கடனைச் சமாளிக்கவே போனது. பெரும் நிலங்களை வைத்திருந்த பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் முக்கியமான நிலவரியில் விலக்கு. அப்போ யார் கட்டுவது?

இதை நான் பாண் கணக்காகச் சொன்னேன். 1788 ஆடி மாதம் பெரிய ஆலங்கட்டி மழை பெய்து கோதுமை அழிந்தது. பாரிசில் நான்கு றாத்தல் பாண் எட்டு, ஒன்பது சூவில் இருந்து 1789 தொடக்கத்தில் பதினான்கரை சூவுக்கு ஏறியது. கூலியாள் ஒருவரின் நாட்சம்பளம் இருபது முப்பது சூ தான். "வீட்டில் ஐந்து பேர். அம்மா என்ன செய்வா?" என்று கேட்டேன். பிள்ளைகள் கொப்பியில் கணக்குப் போட்டார்கள். 1789 ஒக்ரோபர் 5 ஆம் திகதி பாரிஸ் சந்தைப் பெண்கள் வெர்சாய் மாளிகைக்கு ஏன் நடந்து போனார்கள் என்று பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிடைத்தவற்றையும் எழுதினோம். ஒகஸ்ற் 4 ஆம் திகதி இரவு நிலப்பிரபுக்களின் சலுகைகள் ஒழிக்கப்படும் என்று தீர்மானம். ஒகஸ்ற் 26 இல் மனித உரிமைப் பிரகடனம். இவை சின்ன விடயங்கள் இல்லை.

பிறகு கட்டியவர்களின் பக்கம். 1793, 1794 பயங்கர ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய 17,000 பேருக்கு நீதிமன்றங்கள் மரணதண்டனை விதித்தன. அவர்கள் பிரபுக்கள் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். உண்மையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வரை கமக்காரர், தொழிலாளர், சின்ன வியாபாரிகள் போன்ற சாதாரண சனங்கள். எவருடைய பெயரால் புரட்சி நடந்ததோ, அவர்கள்.

ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு ஓடினார்கள். அதில் கனபேர் இங்கே, இலண்டனுக்கு வந்தார்கள். அவர்களைப் பதிவு செய்யவும் கட்டுப்படுத்தவும் 1793 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் வெளிநாட்டவர் சட்டம் ஒன்றையே கொண்டு வந்தது. வந்து இறங்கியவர் துறைமுக அதிகாரியிடம் பெயர், தொழில் எல்லாம் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு பொடியன், "அப்ப ஹோம் ஒஃபிசில அப்பா நிண்ட லைன் அப்பவே தொடங்கிட்டுது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாவது கேள்வி, எத்தனை வருடம் கட்டினார்கள் என்பது. அதற்குப் பொருத்தமான நாடு ஹெயிற்றி. பிரான்சுக்குச் சொந்தமாக இருந்த அந்தத் தீவுப் பகுதியில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் அடிமைகள் கரும்பிலும் கோப்பியிலும் வேலை செய்தார்கள். 1791 இல் எழுந்தார்கள். 1804 ஜனவரி 1 இல் சுதந்திர நாடானார்கள். பாடப்புத்தகம் அநேகமாக அந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் 1825 இல் பிரான்சின் மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகளின் நட்டத்துக்கு 15 கோடி பிராங் தந்தால்தான் உங்கள் நாட்டை ஏற்பேன் என்றான். விடுதலை பெற்ற அடிமை, தன்னை வைத்திருந்தவனுக்கு நட்டஈடு கட்ட வேண்டும். முதல் தவணைக்கே காசு இல்லை. பாரிசில் 3 கோடி பிராங் கடன் எடுத்தார்கள், கைக்கு வந்தது 2 கோடி 40 இலட்சம். மிச்சம் கடன் கொடுத்தவர்களின் கழிவு. 1838 இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட எடுத்த கடன், அந்தக் கடனைக் கட்ட எடுத்த கடன் என்று 1947 வரை இழுபட்டது. புரட்சி முடிந்து 143 வருடம்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். 2009 க்குப் பிறகு வந்த குடும்பம். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. புரட்சி, எழுச்சி எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம். நாங்கள் அதுக்குள்ள இருந்து தப்பித்தான் இஞ்ச வந்தனாங்கள்." இது பள்ளிக்கூடப் பாடம் தம்பி, நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை என்றேன். அவர் சமாதானப்படவில்லை. "அப்ப வந்து பின்னால இருந்து பாருங்கோ" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அன்று கைத்தொழில் புரட்சி. மன்செஸ்ரருக்குப் பக்கத்தில் ஸ்ரைல் என்ற கிராமத்தில், சாமுவேல் கிரெக் என்பவர் 1784 இல் தொடங்கிய குவாரி பாங்க் பஞ்சாலை இன்றும் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். ஆற்றுத் தண்ணீரில் ஓடிய ஆலை. புத்தகத்தில் வழமையாக வருவது இயந்திரங்களின் பெயரும் கண்டுபிடித்தவர்களின் பெயரும். நான் கேட்டது, அந்த இயந்திரத்தடியில் நின்றது யார் என்று. ஆலையோடு ஒரு விடுதி இருந்தது. ஏழைகள் இல்லங்களில் இருந்து கொண்டுவந்த பிள்ளைகள் தொண்ணூறு பேர் வரை அதில் இருந்தார்கள். பன்னிரண்டு மணித்தியால வேலை. சாப்பாடும் உடுப்பும் படுக்கையும் உண்டு, சம்பளம் இல்லை. மிகைநேரத்துக்கு மட்டும் சில்லறை.

1806 இல் அந்த விடுதியில் இருந்து இரண்டு பொடியன்கள் ஓடிப் போனார்கள். ஜோசப் செஃப்ரனுக்கு வயது 17, தோமஸ் பிறீஸ்லிக்கு 13. தோமசின் ஒரு விரல் இயந்திரத்தில் அகப்பட்டுப் போயிருந்தது. பிடிபட்டு நீதவான் முன்னால் நின்றபோது அவர்கள் சொன்னது பதிவில் இருக்கிறது. தாயைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இலண்டனுக்குப் போனோம் என்றார்கள். பிறகு இருவரும் ஆலைக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பின்னால் இருந்தவர் அப்போது தான் வாய் திறந்தார். "எவ்வளவு தூரம், அண்ணை?"

180 மைல் அளவில் வரும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பாடத்தைத் தொடர்ந்தேன். ஆலையால் கிடைத்தது என்ன? துணி மலிந்தது. ஏழைகளும் தோய்த்து உடுக்கக் கூடிய பருத்தி உடுப்பை வாங்க முடிந்தது. ஆனால் பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவின் தென்பகுதி அடிமைத் தோட்டங்களில் இருந்து. வேலை போனது யாருக்கு? இங்கிலாந்தின் கைத்தறிக்காரருக்கு. அதோடு, ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே துணி அனுப்பிய வங்காளத்து, சோழமண்டலக் கரை நெசவாளருக்கும். 1833 இல் வந்த தொழிற்சாலைச் சட்டம்தான் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் இருந்து வெளியே எடுத்தது. அதுவும் தானாக வரவில்லை. கேட்டு, சண்டை பிடித்து வந்தது.

கிரெக்குக்குக் கரீபியத் தீவான டொமினிக்காவில் அடிமைகளோடு ஒரு தோட்டமும் இருந்தது. அடிமை முறையை ஒழித்தபோது பிரித்தானிய அரசாங்கம் 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, உடமையாளர்களுக்கு. கிரெக் குடும்பத்துக்கும் அதில் பங்கு கிடைத்தது. விடுதலையான ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்கு ஒரு சதமும் இல்லை. அந்தப் பணத்துக்காக அரசாங்கம் எடுத்த கடன் எப்போது கட்டி முடிந்தது என்று வகுப்பைக் கேட்டேன். 1850 என்றார்கள், 1900 என்றார்கள். சரியான பதில் 2015. நேயர்களே, நாங்கள் அகதிகளாக வந்து, பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் வேலை செய்து கட்டிய வரியிலும் ஒரு துளி அந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. எத்தனையோ பேருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்த எனக்கு, இது தெரிந்த நாளில் நித்திரை வரவில்லை.

அப்போ முதல் நாள் கேட்ட பிள்ளை திரும்பவும் கேட்டாள். "அப்ப புரட்சி கூடாது தானே அங்கிள்?" அப்படி இல்லை அம்மா என்றேன். செலவு இருக்கிறது என்பதற்காக வாங்கிய பொருள் கூடாது என்று ஆகாது. ஹெயிற்றிச் சனம் அடிமையாகவே இருந்திருக்க வேண்டும் என்று யார் சொல்வார்? ஆனால் விலையை மறைத்து எழுதுகிற கணக்கு பொய்க் கணக்கு. மன்னனுக்காக நெக்கர் எழுதினாலும் பொய், புரட்சிக்காரனுக்காக நாங்கள் எழுதினாலும் பொய்.

வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அந்தத் தகப்பன் வந்து உதவி செய்தார். அடுக்கி முடித்த பிறகு, தன் அம்மா ஊரில் செத்தபோது தன்னுடைய அகதி வழக்கு முடியாமல் இருந்தது என்றும், போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லை என்றும் சொன்னார். "மகனுக்கு இது தெரியாது, அண்ணை. வேலையில லீவு குடுக்கேல்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் மட்டும் என்ன? நெக்கரின் கணக்கில் பிழை பிடிக்கிற நான், நாங்கள் ஏன் வந்தோம் என்று என் மகள் கேட்ட ஒவ்வொரு முறையும் "பிரச்சினை" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்தவன்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பொடியன் தன் கொப்பியைக் காட்டினான். கட்டியவர்களின் நிரலில், தோமஸ் பிறீஸ்லிக்குக் கீழே, 'அப்பம்மா' என்று எழுதியிருந்தான். நான் திருத்தவில்லை.

நேயர்களே, உங்கள் பிள்ளைகளும் இந்தப் பாடத்தோடு வீட்டுக்கு வருவார்கள். மார்க்ஸ் எத்தனை என்று கேட்பதோடு நின்று விடாதீர்கள். யாருக்குக் கிடைத்தது, யார் கட்டினார்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள். அவர்கள் திருப்பி உங்களைக் கேட்டால், எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்றில்லை. சொல்ல முடிந்த ஒரு வரியை உண்மையாகச் சொல்லுங்கள். நானும் தொடங்கியிருக்கிறேன்.

அடுத்த மாதம் வழமைபோல் வரிப் படிவத்தோடு சந்திப்போம்.