கைது முதல் பக்கத்தில், விடுதலை மூலையில்!

(சிதம்பரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலையில் கடை திறக்கும்போது நீங்கள் முதலில் படிப்பது எதை? எதிரே பெட்டிக்கடையில் தொங்கும் பத்திரிகை போஸ்டரைத்தான். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்காதவரும் போஸ்டரைப் படித்துவிடுகிறார். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் மேலவீதி வரை அதே நாலு வார்த்தைதான் தொங்குகிறது. ஒரு மனிதனின் மானத்தைக் கப்பலேற்ற அந்த நாலு வார்த்தை போதும்.

'பயங்கரவாதி கைது' என்று போடுகிறார்கள். அவரைப் பயங்கரவாதி என்று தீர்ப்பளித்தது யார்? நீதிமன்றமா? இல்லை. காவல் அதிகாரி நிருபர்களிடம் சொன்னார், நிருபர் எழுதினார், அவ்வளவுதான்! சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர் மறுநாள் காலைக்குள் குற்றவாளியாகிவிடுகிறார்.

இது நம் மனக்குறை மட்டுமல்ல. பிரிட்டனில் வாழ்ந்த ஜமைக்காக்காரர் ஸ்டூவர்ட் ஹால் என்ற அறிஞர், தம் சகாக்களோடு சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். தெருவில் நடக்கும் வழிப்பறி என்றாலே கறுப்பின இளைஞன்தான் என்ற எண்ணம் அங்கே எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். பத்திரிகைக்காரன் வேண்டுமென்றே பொய் எழுத வேண்டியதில்லை. தினமும் செய்தி வேண்டும், நேரமோ குறைவு. எனவே காவல்துறை, நீதிமன்றம், அமைச்சர் என்று அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதை முதலில் வாங்குகிறான். முதலில் பேசியவர் போட்ட கோட்டுக்குள்தான் பிறகு எல்லோரும் பேச வேண்டியிருக்கிறது. 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்று நீங்கள் மறுக்கும்போதுகூட, அவர் வைத்த குற்றச்சாட்டைத்தானே திரும்பச் சொல்கிறீர்கள்!

லண்டனை விடுங்கள், நம் மாவட்டத்துக்கு வாருங்கள். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். 1993 மார்ச்சில் ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியை நகைத் திருட்டு என்று சொல்லி கம்மாபுரம் காவலர்கள் பிடித்துப் போனார்கள். குறவர் சமூகத்தவர். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அந்த முத்திரை அழியாத மக்கள். பிறகு காவல்துறை என்ன சொன்னது? 'தப்பியோடிவிட்டார்' என்றது. அதை அப்படியே நம்பியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் மனைவி நம்பவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டார். கம்யூனிஸ்ட் தோழர்கள் துணை நின்றார்கள். பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். அவர் ஓடவில்லை, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வெளியே வந்தது. காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2006. பதின்மூன்று வருடம்! 2021இல் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு தமிழ்நாடே அதைப் பேசியது. படம் வராதவர்களின் கதை?

இந்த வழக்கை நான் ஏன் சொல்கிறேன்? முத்திரை குத்தப்படுவது நமக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல.

இனி நம் கதை. குண்டு வைத்தவனுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. 1998 பிப்ரவரி 14இல் கோவையில் 58 உயிர்கள் போயின. செய்தவன் தண்டனை பெறவேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. செய்யாதவன்? 2002 செப்டம்பரில் குஜராத் அக்ஷர்தாம் கோயிலில் கொடிய தாக்குதல் நடந்தது. மறு ஆண்டு ஆறு முஸ்லிம்கள் கைதானார்கள். மூன்று பேருக்குத் தூக்கு என்றது பொடா நீதிமன்றம். உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. என்றைக்குத் தெரியுமா? 2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அதே நாள்! அன்று நாடே டி.வி.யில் தொகுதிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்குக் கயிற்றிலிருந்து மீண்டவர்களுக்கு எந்த ஊர் பெட்டிக்கடையில் போஸ்டர் தொங்கியிருக்கும்?

வணிகப் பெருமக்களே! இது உங்கள் கல்லாப்பெட்டி விஷயமும்தான். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் மகனை 1998இல் விசாரணைக்கு அழைத்துப் போய் அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில் 'சிக்கினார்' என்று வந்துவிட்டது. கடனுக்குச் சரக்கு கொடுத்துவந்த மொத்த வியாபாரி அந்த வாரமே கையை விரித்தார். வழக்கே இல்லை, தண்டனை மட்டும் உண்டு!

2020இல் கொரோனா வந்தபோது டெல்லி தப்லீக் மாநாட்டை வைத்து, நோய்க்கே மதம் கற்பித்தார்கள். சென்னை தி.நகரில் ஒரு பேக்கரி, தன்னிடம் முஸ்லிம் பணியாளர்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரமே செய்தது. உரிமையாளர் கைதானார். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும், ஊடகங்கள் பெரிய பிரச்சாரமே நடத்தின என்றும் சொன்னது. மார்ச்சில் கத்திய சேனல்கள் ஆகஸ்டில் அதே சத்தத்தில் இதைச் சொன்னதாக உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இளைஞர்களே, கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள், அடுத்தது உங்களுக்குத்தான். 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் இருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரப்பியது எந்தப் பத்திரிகை முதலாளி? நம்மைப் போன்றவர்கள்தான், கையில் போன் வைத்திருந்தவர்கள்! செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நம்மில் எத்தனை பேர் விசாரித்துவிட்டு ஃபார்வர்ட் செய்கிறோம்? நம் சமுதாய ஏடுகளும் மாற்றுத் தரப்பில் ஒருவர் கைதானால் 'குற்றவாளி' என்றுதானே எழுதுகின்றன? அதையும் நிறுத்தவேண்டும்.

தவறான செய்தி வந்தால் பத்திரிகைக் கட்டைக் கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் மறுநாள் அதுதான் தலைப்பு! தாளை வெட்டித் தேதியோடு எடுத்து வையுங்கள். ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திருத்தாவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு, அதாவது பிரஸ் கவுன்சிலுக்கு, புகார் போகட்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் அனுப்பவேண்டும், மற்ற இதழ்களுக்கு நான்கு மாதம். தொலைக்காட்சி இந்த மன்றத்தின் கீழ் வராது, அதற்கு முதலில் சேனலுக்கே எழுதவேண்டும். கடலூரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர், பரங்கிப்பேட்டையில் ஒருவர் இந்தக் கோப்பைப் பராமரிக்க முன்வந்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். வழக்கறிஞர் சகோதரர் ஒருவர் மனு எழுதும் முறையைச் சொல்லித்தர இசைந்திருக்கிறார்.